நெருக்கடிகாலத் தொடர்பியலில் ஆய்வாளராக: முதுகலையிலிருந்து முதல் வேலை வரை எதற்குப் பின் எது

இதழியல், விஸ்காம், தொடர்பியல் என ஏதாவது ஒன்றில் முதுகலை முடித்துவிட்டு, வெள்ளம், புயல், தொற்றுநோய், வதந்தி போன்ற நேரங்களில் மக்கள் செல்போனில் என்ன பேசிக்கொள்கிறார்கள், அரசு என்ன சொல்கிறது என்பதை ஆராய நினைப்பவர்களுக்கு இது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகச் சூழலை வைத்தே எழுதுகிறேன். வெளிநாடு போகிறவர்களுக்கும் முதல் பாதி பொருந்தும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வரிசையில்தான். மற்ற தலைப்புகளில் ஆற அமர அனுமதி வாங்கி, பிறகு தரவு திரட்டலாம். இங்கே தரவு டிசம்பர் முதல் வாரத்தில் மூன்று நாள் கொட்டிவிட்டுப் போய்விடும். பாதிப் பதிவுகளை எழுதியவர்களே அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் விண்ணப்பம் ஏதோ ஒரு குழுவின் மேசையில் கிடந்தால், அடுத்த புயலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தகுதி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்டி விதிமுறைப்படி முதுகலையில் 55% மதிப்பெண் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5% தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலை முடித்தவர்களுக்கு 75%. எம்ஃபில் படிப்பை இதே விதிமுறை நிறுத்திவிட்டது. 'முதலில் எம்ஃபில், பிறகு பிஎச்டி' என்று பழைய சீனியர்கள் சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து, மூன்று பழக்கங்கள். ஆங்கிலத்தில் வாரம் இரண்டு ஆய்வுக் கட்டுரையாவது முழுதாகப் படிப்பது. ஜொடேரோ போன்ற ஒரு மென்பொருளில் படித்ததை எல்லாம் முதல் நாளிலிருந்தே சேர்த்து வைப்பது. இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் முதல் ஆண்டுப் படிப்பைத் தேடித் தேடி அலைவீர்கள். பைத்தான் அல்லது ஆர் மொழியில் ஒரு கோப்பைத் திறந்து, வடிகட்டி, எண்ணத் தெரிவது. மூன்றாவதற்குக் கணினி அறிவியல் பட்டம் தேவையில்லை. ஆனால் அதை வேறு யாரிடமாவது விட்டுவிட்டால், உங்கள் தரவில் என்ன நடந்தது என்று வைவாவில் உங்களால் சொல்ல முடியாது.

பணக் கணக்கையும் இப்போதே போடுங்கள். உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தால், கோர்ஸ் ஒர்க் நடக்கும் முதல் ஆண்டில் வேறு வேலை பார்ப்பது கடினம்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. மாதக்கணக்கில் 'காப்பாற்றுங்கள்' என்ற பதிவுகளையே படித்துக்கொண்டிருப்பது மனதைப் பாதிக்கும். ஒரு நாளில் இவ்வளவுதான் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கு உடன் ஆய்வு செய்பவர் ஒருவராவது இருக்கட்டும்.

2. தலைப்பைச் சுருக்குவது

'பேரிடர் காலத்தில் சமூக ஊடகங்களின் பங்கு' என்று எழுதிக்கொண்டு வராதவர்கள் குறைவு. இந்தத் தலைப்பில் பதில் சொல்லக்கூடிய கேள்வி எதுவும் இல்லை. அதை நான்கு கேள்விகளால் வெட்ட வேண்டும்: எந்த நெருக்கடி? பேசுவது யார்? கேட்பது யார்? அந்தப் பேச்சால் யார் என்ன செய்தார்கள்?

ஓர் எடுத்துக்காட்டு. 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் வந்தது. மழை தொடங்கும் முன்பே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எதிர்பார்த்த அளவு மழை பெய்யவில்லை. காரை நகர்த்த வைத்தது எது? வானிலை மையத்தின் அறிக்கையா, டிவியின் சிவப்பு எழுத்துகளா, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட படமா, முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலில் வண்டி மூழ்கிய அனுபவமா?

இதில் ஆய்வுக்கான கேள்வி எங்கே என்று பாருங்கள். வானிலைத் துறையின் வண்ணங்கள் முதன்மையாக நிர்வாகம் எந்த அளவுக்குத் தயாராக வேண்டும் என்பதைச் சொல்பவை. சிவப்பு வருவது பொதுவாக அதிகனமழை எதிர்பார்க்கப்படும்போது. அதிகனமழை என்றால் 24 மணி நேரத்தில் 204.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்று இருக்கும். அது வாட்ஸ்அப்பில் வந்து சேரும்போது 'சென்னைக்கு ரெட் அலர்ட்' என்று மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த 'ஓரிரு இடங்களில்' எந்தக் கட்டத்தில் உதிர்ந்தது என்று தேடுவதே ஒரு முழு ஆய்வேடு.

நெருக்கடி என்றால் மழை மட்டும் இல்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, தமிழ்நாடு காவல்துறை வடமாநில மக்களுக்கே நேரடியாக மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 2015இல் மேகி நூடுல்ஸ் விற்பனை நின்றதும் சில மாதங்களில் திரும்பி வந்ததும் நிறுவனம் சார்ந்த நெருக்கடி. 2017 ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததும் நெருக்கடிகாலத் தொடர்பியல்தான். அங்கே டிஜிட்டல் ஊடகம் எட்டாத இடம்தான் ஆய்வுப் பொருள். என்னைக் கேட்டால், எட்டாத இடங்களைப் பற்றி எழுதத்தான் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

தலைப்பு ஓரளவு தெளிந்ததும் ஷோத்கங்கா தளத்தில் தேடிப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே முழுதாகக் கிடைக்கும். அதே தலைப்பில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் பதற வேண்டாம். அவர்களுடைய கடைசி அத்தியாயத்தில், செய்ய முடியாமல் போனது என்ன என்று எழுதியிருப்பார்கள். உங்கள் தொடக்கம் அதுவாக இருக்கலாம்.

3. எதை முதலில் படிப்பது

டிமோத்தி கூம்ப்ஸ் உருவாக்கிய சூழல்சார் நெருக்கடித் தொடர்பியல் கோட்பாட்டையும், வில்லியம் பெனாய்ட்டின் பிம்பச் சீரமைப்புக் கோட்பாட்டையும் எல்லோரும் முதலில் படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். ஆனால் இவை இரண்டும் ஒரு நிறுவனத்தின் பெயர் கெடும்போது அது என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்பதைச் சுற்றி எழுந்தவை. அவற்றை அப்படியே தூக்கி வெள்ளத்தின் மேல் ஒட்டுவதுதான் புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மாடியில் நின்று உதவி கேட்பவருக்கு யாருடைய நற்பெயரைப் பற்றியும் கவலை இல்லை.

பொருந்தும் இடமும் உண்டு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த விதம் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. பொறுப்பு யார் மேல் என்று மக்கள் கேட்கத் தொடங்கும்போது கூம்ப்ஸ் உதவுவார். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் இரவுக்கு வேறு சட்டகம் வேண்டும்.

அதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் செர்க் (நெருக்கடி, அவசரகால அபாயத் தொடர்பியல்) மாதிரியைப் படியுங்கள். பார்பரா ரெனால்ட்ஸ், மேத்யூ சீகர் இருவரும் 2005இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கலாம். நெருக்கடிக்கு முன், தொடக்கம், நீடிப்பு, தீர்வு, மதிப்பீடு என்று ஐந்து கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் என்ன சொல்ல வேண்டும் என்கிறது அது. அப்புறம் யான் ஜின், புரூக் லியூ, லூசிண்டா ஆஸ்டின் ஆகியோரின் சமூக ஊடக நெருக்கடி மாதிரி. பிறகு, நெருக்கடியில் மக்கள் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் விதத்தை ஆராயும் லெய்ஸியா பேலனின் கிரைசிஸ் இன்ஃபர்மேட்டிக்ஸ் எழுத்துகள். இவற்றோடு 2011 குயின்ஸ்லாந்து வெள்ளத்தை வைத்து ஆக்ஸல் புரூன்ஸ், ஜீன் பர்ஜெஸ் குழு செய்த ட்விட்டர் ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளத்தில் குயின்ஸ்லாந்து போலீஸ் வதந்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, தனி ஹேஷ்டேக் போட்டு உடைத்தது. நம் ஊர் மறுப்புச் செய்திகளை ஒப்பிட நல்ல அளவுகோல்.

கோட்பாட்டுக்குப் பின் தலைப்பா, தலைப்புக்குப் பின் கோட்பாடா என்று கேட்பார்கள். தலைப்புதான் முதலில். கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற வெள்ளத்தைத் தேடினால் தரவு உங்களிடம் பேசாது.

4. நெட் தேர்வும் சேர்க்கையும்

2024 ஜூன் முதல் யுஜிசி நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண் பிஎச்டி சேர்க்கைக்கும் செல்லும். தேர்ச்சி மூன்று வகையில் வரும்: ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகையோடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்டி சேர்க்கையும், பிஎச்டி சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகைக்காரர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70%, நேர்முகத்துக்கு 30% எடை. அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். அதனால் எப்போது எழுதுவது என்பதை, சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு எந்த மாதம் வருகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தனி நுழைவுத்தேர்வு வைக்கும் இடங்களும் உண்டு.

நமக்கான பாடம் 'மாஸ் கம்யூனிகேஷன் அண்ட் ஜர்னலிசம்'. முதல் தாளில் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். பலர் இரண்டாம் தாளுக்கே ஆறு மாதம் செலவிட்டு, தர்க்கமும் எண் கணக்கும் வரும் முதல் தாளில் கோட்டை விடுகிறார்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. நெகட்டிவ் மார்க் கிடையாது, எனவே எந்தக் கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. ஜேஆர்எஃப் தவறினால் ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகம்) தரும் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்; அதற்குத் தெளிவான ஆய்வு முன்மொழிவு வேண்டும். படி 2-ஐ ஒழுங்காகச் செய்தவர்களுக்கு அது தயாராகவே இருக்கும்.

5. நெறியாளரைத் தேடுவது

சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகத்தின் ஊடக அறிவியல் துறை, நெல்லை மனோன்மணியம் சுந்தரனார், கோவை பாரதியார், சேலம் பெரியார், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுவை என்று இடங்கள் பல இருக்கின்றன. நெருக்கடிகாலத் தொடர்பியலையே முழுநேரமாகச் செய்யும் நெறியாளர்கள் குறைவு. எனவே தலைப்பு ஒத்துப்போகிறவரைவிட, முறை ஒத்துப்போகிறவரைத் தேடுங்கள். கள நேர்காணல் செய்யப் போகிறீர்களா, உள்ளடக்கப் பகுப்பாய்வா, கணினி வழியா? அதில் கை பழகியவர்தான் இரண்டாம் ஆண்டில் நீங்கள் முட்டி நிற்கும்போது தள்ளிவிடுவார்.

இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதியவரை எடுக்க முடியாது. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, நேர்முகத்துக்குப் பிறகு 'சாரிடம் இடமில்லையாம்' என்று திரும்பியவர்கள் உண்டு.

முதல் மின்னஞ்சலில் 20 பக்க முன்மொழிவை அனுப்பாதீர்கள். இரண்டு பக்கம் போதும்: கேள்வி, எந்த நிகழ்வு, எந்தத் தரவு, அது ஏன் உங்களுக்குக் கிடைக்கும். அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்பவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். 'மேடம் அத்தியாயத்தைப் படித்துத் திருப்பித் தர எவ்வளவு நாள் ஆகும்?' என்பது கேட்க வேண்டிய கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பின்தான்.

கணினி அறிவியல், புவியியல் துறைகளிலிருந்து இணை நெறியாளர் ஒருவரைச் சேர்க்க முடியுமா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு சேர்ப்பது காகித வேலை.

6. மழைக்கு முன் அனுமதி

இதுதான் அதிகம் பேர் தவறவிடும் படி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நெறிமுறைக் குழுவிடம் ஜூன், ஜூலையிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். 'எந்தப் புயல் என்று தெரியாமல் எப்படி விண்ணப்பிப்பது?' என்பார்கள். புயலின் பெயர் தேவையில்லை. 'சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் ரெட் அலர்ட் வரும் எந்த நிகழ்விலும், முதல் எச்சரிக்கையிலிருந்து 10 நாள் வரை, இன்ன தளங்களில், இன்ன சொற்களைக் கொண்டு' என்று பொதுவாக எழுதி அனுமதி வாங்கலாம்.

விண்ணப்பத்தில் குழு தேடுவது நான்கு விஷயங்களை. எதைத் திரட்டுவீர்கள், எதை உடனே நீக்குவீர்கள், எங்கே பூட்டி வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள். உதவி கேட்கும் பதிவுகளில் செல்போன் எண்ணும் வீட்டு முகவரியும் இருக்கும். அவற்றைத் திரட்டிய அன்றே தனியாகப் பிரித்து மறைக்க வேண்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்த எண்கள் அச்சாகிப் பார்த்திருக்கிறேன்.

பொதுவெளியில் போட்ட பதிவுதானே என்று அப்படியே மேற்கோள் காட்டுவதும் சிக்கல். அந்த வரியைத் தேடுபொறியில் போட்டால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். சாரத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள். இணைய ஆய்வாளர் சங்கத்தின் நெறிமுறை ஆவணங்கள் இதை விரிவாகப் பேசுகின்றன. விண்ணப்பத்தில் அவற்றைச் சுட்டினால் குழுவுக்கும் எளிது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆய்வுக்கு விலக்கு உண்டு, ஆனால் நிபந்தனையோடு: தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவு பயன்படக் கூடாது.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து கவனிக்கப் போகிறீர்கள் என்றால் அட்மினிடம் மட்டும் சொல்வது போதாது. குழுவிலேயே அறிமுகம் செய்துகொண்டு, வேண்டாம் என்பவர்களின் செய்திகளை விட்டுவிட வேண்டும். தண்ணீர் வடியாத வீட்டு வாசலில் கேள்வித்தாளோடு போய் நிற்கக் கூடாது என்பதையும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள், நேர்காணல் எத்தனை வாரம் கழித்து என்று சேர்த்து.

7. தரவு கிடைக்கும் இடங்கள்

பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு 'ட்விட்டர் தரவு எடுக்கிறேன்' என்று வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஆய்வாளர்களுக்கு ட்விட்டர் இலவசமாகத் தந்த ஏபிஐ (தரவை நிரல் வழியே நேரடியாக எடுக்கும் வசதி) 2023இல் முடிந்தது. ஃபேஸ்புக் பக்கங்களைப் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த மெட்டா கன்டென்ட் லைப்ரரிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதையும் மழைக்காலத்துக்கு வெகு முன்பே செய்யுங்கள்.

யூடியூப் இன்னும் திறந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 10,000 அலகு ஒதுக்கீடு. இதில் தேடல் ஒவ்வொன்றும் 100 அலகைத் தின்னும். பின்னூட்டங்களை எடுப்பது ஓர் அலகுதான். எனவே காணொளிகளைக் கையால் தேடிப் பட்டியலிட்டு, பின்னூட்டத்துக்கு மட்டும் ஏபிஐயைப் பயன்படுத்தினால் ஒதுக்கீடு தாங்கும். தமிழ்நாட்டில் தனியார் வானிலைப் பதிவர்களின் நேரலைகளுக்குக் கீழே மக்கள் கேட்கும் கேள்விகள் அருமையான தரவு. 'தாம்பரத்துக்கு எத்தனை மணிக்கு?' என்று கேட்பவர், அரசு அறிக்கை எதைச் சொல்லவில்லை என்பதைத்தான் நமக்குச் சொல்கிறார். டெலிகிராம் பொதுச் சேனல்களை டெஸ்க்டாப் செயலியிலிருந்தே ஏற்றுமதி செய்யலாம்.

அரசின் பக்கம் என்ன நடந்தது என்பதற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. '1070, 1913 உதவி எண்களுக்கு இன்ன தேதிகளில் மணிவாரியாக வந்த அழைப்புகள் எத்தனை?' என்று எண்ணைக் கேளுங்கள். 'வெள்ளத்தின்போது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?' என்று கேட்டால் ஒரு பாராட்டு மடல்தான் வரும். கெடு தாண்டினால் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டியிருக்கும், அதற்கும் கால அட்டவணையில் இடம் விடுங்கள்.

சொற்பட்டியலை முன்கூட்டியே தயாரிக்க வேண்டும். 2015 வெள்ளத்தில் 'சென்னைரெயின்ஸ்', 'சென்னைரெயின்ஸ்ஹெல்ப்' போன்ற ஆங்கில ஹேஷ்டேக்குகள்தான் கண்ணில் பட்டன. அவற்றை மட்டும் திரட்டினால், ஹேஷ்டேக் போடத் தெரிந்தவர்களின் வெள்ளம்தான் உங்களுக்குக் கிடைக்கும். மற்றவர்கள் 'தண்ணி உள்ள வந்துருச்சு', 'கரண்ட் இல்ல', 'போட் வருமா' என்று எழுதுகிறார்கள், பாதி தமிழ் எழுத்தில், பாதி ஆங்கில எழுத்தில். தெருப் பெயர், ஏரிப் பெயர், பேருந்து நிறுத்தப் பெயர் எல்லாவற்றையும் எழுத்து வேறுபாடுகளோடு பட்டியலில் சேருங்கள்.

அக்டோபரில் வரும் முதல் சாதாரண மழைக்கே ஒத்திகை பாருங்கள். கருவி எங்கே நின்றுபோகிறது, ஹார்டு டிஸ்க் போதுமா, இரவு யார் பார்ப்பது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எந்த நேரத்தில் எந்தச் சொல்லைத் தேடினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மறுப்பறிக்கைகளும் தவறான அறிக்கைகளும் சத்தமில்லாமல் திருத்தப்படும், அதனால் முக்கியமான பக்கங்களை, இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷினில் உடனுக்குடன் சேமித்துவிடுங்கள்.

8. தமிழ் எழுத்தால் வரும் தொல்லை

ஆங்கிலத் தரவுக்கான வழிகாட்டிகளில் இது இருக்காது. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. 'கொளத்தூர்' என்று தேடினால் பாதிப் பதிவுகள் தப்பிப் போகும். 'ஸ்ரீ'க்கும் இதே கதை உண்டு. எனவே எண்ணத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்குங்கள். பைத்தானில் இதற்கு ஒற்றை வரி போதும், ஸ்ரீயை மட்டும் தனியாக மாற்ற வேண்டும்.

சிஎஸ்வி கோப்பை எக்ஸெலில் இருமுறை தட்டித் திறந்தால் தமிழ் எல்லாம் குப்பையாகத் தெரியும். பதறிப்போய் அப்படியே சேமித்துவிட்டால் மூலமும் போச்சு. இறக்குமதி வழியாகத் திறந்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். மூலக் கோப்பின் நகல் ஒன்றை யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். பழைய அரசு பிடிஎஃப்களில் யூனிகோடு அல்லாத எழுத்துரு இருக்கலாம். நகலெடுத்து ஒட்டும் முன் சோதியுங்கள்.

தானியங்கி உணர்வுப் பகுப்பாய்வை நம்பி ஒரு அத்தியாயம் எழுதாதீர்கள். 'சூப்பரா ரோடு போட்டிருக்காங்க, படகு விடலாம்' என்பதைக் கருவி பாராட்டாகக் கணக்கெடுக்க வாய்ப்பு அதிகம். கலப்புத் தமிழுக்கென ஆய்வாளர்கள் தயாரித்த தரவுத்தொகுப்புகள் 2020க்குப் பின் வந்திருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் சினிமா டிரெய்லருக்கு வந்த பின்னூட்டங்களிலிருந்து உருவானவை. வெள்ளத்தில் மக்கள் பேசும் தமிழ் வேறு.

9. கோடிங்: இரண்டு பேர், ஒரே பதிவு

திரட்டிய பதிவு ஒவ்வொன்றையும் வகை பிரித்துக் குறிப்பதைத்தான் இங்கே கோடிங் என்கிறேன்; வகைகளை விளக்கும் விதித்தொகுப்பு கோட்புக். இப்படி ஒரு பதிவை வைத்துக்கொள்வோம்: 'ஃபார்வர்டு. பள்ளிக்கரணை, முதல் மாடி, வயதானவர்கள் 2 பேர், காலையிலிருந்து குடிக்கத் தண்ணி இல்ல. போன் சார்ஜ் 10%. யாராவது ஹெல்ப் பண்ணுங்க. ஷேர் பண்ணுங்க.'

முதலாமவர் இதை உதவிக் கோரிக்கை என்கிறார். இரண்டாமவர் தகவல் பகிர்வு என்கிறார், ஏனென்றால் பகிர்ந்தவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். இருவரும் சரி. தவறு கோட்புக்கில் இருக்கிறது. 'பேசுபவர் யார்', 'செய்தி எதைக் கேட்கிறது' என்ற இரண்டு விஷயங்களை அது ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டது. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, 'முகவரி தேடிப் போகும் அளவுக்கு இருக்கிறதா', 'எழுதிய நேரம் தெரிகிறதா', 'மீட்கப்பட்டதாகப் பின்னால் யாராவது சொன்னார்களா' என்று கட்டங்களைச் சேர்த்தால் சண்டை குறையும். மேலே உள்ள பதிவில் நேரமே இல்லை. 'காலையிலிருந்து' என்றால் எந்தக் காலை? மீட்கப்பட்டு இரண்டு நாள் ஆன பிறகும் இத்தகைய பதிவுகள் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான். தன்னார்வலர்கள் வீணாகப் படகோட்டிப் போவதும் இதனால்தான்.

முதலில் ஒரு சிறு மாதிரியை இருவரும் ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் கோடிங் செய்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபாவைக் கணக்கிடுங்கள். 0.80க்கு மேல் என்றால் நிம்மதி, 0.667க்குக் கீழ் என்றால் அந்தக் கட்டத்தைத் திருத்துங்கள் அல்லது தூக்கி எறியுங்கள். முழுத் தரவையும் தனியாளாகக் கோடிங் செய்துவிட்டுக் கடைசியில் நண்பரிடம் நூறு பதிவைக் கொடுத்து ஆல்ஃபா வாங்குவது தலைகீழ் வரிசை. எண் குறைவாக வந்தால் திரும்ப எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

10. களத்துக்குப் போவது

பதிவு போட்டவர்கள் சிக்னலும் சார்ஜும் இருந்தவர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி, நெல்லை வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரைக் கிராமங்கள் பலவற்றிலிருந்து அந்த நேரத்தில் பதிவே வந்திருக்காது. உங்கள் வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தால், அங்கே பிரச்சினை இல்லை என்று படித்துவிடக் கூடாது.

எனவே தரவில் வெறுமையாக உள்ள இடங்களுக்குத்தான் முதலில் போக வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வார்டு கவுன்சிலர், ரேஷன் கடைக்காரர், மீனவர் கிராமம் என்றால் கோயில் அல்லது சர்ச் மைக்கில் அறிவிப்புச் செய்பவர், இவர்களிடம் 'உங்களுக்கு யார் சொன்னது, நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்?' என்று சங்கிலியைப் பின்தொடருங்கள். 'சமூக ஊடகம் பயன்படுத்தினீர்களா?' என்று நேராகக் கேட்டால் 'இல்லை' என்பார்கள். 'போன்ல ஏதாவது வந்துச்சா?' என்று கேட்டால் கேலரியைத் திறந்து காட்டுவார்கள்.

11. கட்டுரை வெளியிடுவது

2022 விதிமுறையில், ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று யுஜிசி கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் கேட்கலாம், விதி நூலைப் பாருங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் வேலைக்குப் போகும்போது கேட்பார்கள்.

முதலில் மாநாடு. இஸ்க்ராம், ஐஏஎம்சிஆர் போன்றவற்றில் இந்தத் துறைக்காரர்களே உங்கள் கட்டுரையைப் படிப்பார்கள், ஓட்டையைச் சொல்வார்கள். அதன்பின் இதழ். நிறுவன நெருக்கடி என்றால் பப்ளிக் ரிலேஷன்ஸ் ரிவ்யூ. பேரிடர் என்றால் ஜர்னல் ஆஃப் கன்டின்ஜென்சீஸ் அண்ட் கிரைசிஸ் மேனேஜ்மென்ட் அல்லது இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் டிசாஸ்டர் ரிஸ்க் ரிடக்ஷன். தளங்களைப் பற்றியது என்றால் சோஷியல் மீடியா பிளஸ் சொசைட்டி. ஆசியச் சூழல் என்றால் மீடியா ஏஷியா. அனுப்பும் முன் அதே இதழின் சமீபத்திய கட்டுரைகள் சிலவற்றைப் படியுங்கள், அவர்கள் எதைக் கேள்வி என்று ஏற்கிறார்கள் என்று தெரியும்.

'யுஜிசி கேர் பட்டியலில் இருக்கிறது' என்ற விளம்பரத்துக்கு இப்போது பொருள் இல்லை. ஏற்கத்தக்க இதழ்களின் அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டது. ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், கட்டணத்தை ஜிபேயில் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருபவை போலிகள். பெயர் பெற்ற இதழின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துவதும் உண்டு. ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

நெறியாளர் பெயர் எந்த இடத்தில், தரவு திரட்ட உதவிய நண்பர் பெயர் எந்த இடத்தில் என்பதை எழுதத் தொடங்கும் முன் பேசிவிடுங்கள். முடித்தபின் பேசினால் நட்பு போகும்.

12. வேலை

உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) அல்லது பிஎச்டி வேண்டும். யுஜிசி ஊதியம் 57,700 ரூபாய் அடிப்படையில் தொடங்கும். சுயநிதிக் கல்லூரிகளில் இது நடைமுறையில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இளங்கலை விஸ்காம் துறைகள் கேமராவும் எடிட்டிங்கும் தெரிந்தவரைத்தான் தேடும். எனவே பிஎச்டி காலத்திலேயே செய்தி எழுதுதல், தரவு இதழியல், உண்மை சரிபார்ப்பு போன்ற ஏதாவது ஒரு செய்முறைப் பாடத்தை எடுத்துப் பழகுங்கள். 'நான் கிரைசிஸ் கம்யூனிகேஷன் மட்டும்தான் எடுப்பேன்' என்றால் நேர்முகம் அங்கேயே முடிந்துவிடும்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே பேரிடர் மேலாண்மை அமைப்புகள், யுனிசெஃப் போன்ற நிறுவனங்கள், உண்மை சரிபார்ப்புக் குழுக்கள் ஆள் எடுக்கின்றன. அவர்களுக்கு ஆய்வேட்டைக் காட்டிப் பயனில்லை. 'இந்த எச்சரிக்கையில் இன்ன சொல்லை மாற்றினால் மக்கள் புரிந்துகொள்வார்கள்' என்று தமிழில் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு கையில் இருக்கட்டும்.

வெளிநாடு என்றால் பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் ஊடக ஆய்வு மையம், யான் ஜின் இருக்கும் ஜார்ஜியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் இலையுதிர் காலச் சேர்க்கைக்கு டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். அது சரியாக நம் மழைக்காலம், நீங்கள் தரவுக்கு நடுவே இருப்பீர்கள். அதனால் நோக்க அறிக்கையையும் பரிந்துரைக் கடிதங்களையும் செப்டம்பருக்குள் முடித்து வையுங்கள். பரிந்துரை தருபவர்களிடம் ஆகஸ்டிலேயே கேட்டுவிடுவது நல்லது. செமஸ்டர் தேர்வு நெருங்கிவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது.